பிரதானி மடியில் மோர்க்குடம்

நீலமலைக்கோட்டை ராஜாவுக்குப் பல்லக்கு என்றால் உயிர். தூக்குகிறவர்கள் உயிரைப் பற்றித்தான் யாருக்கும் கவலையில்லை!

ஒருநாள் அவர் பல்லக்குத் தூக்கிகள் ஐந்து பேரில் நாலு பேர் சபைக்கு வந்தார்கள். மூத்தவன் இருளாண்டி கும்பிட்டான்.

"மகாராசா, தோள்பட்டை விட்டுப்போச்சு. இடுப்பு நிமிர மாட்டேங்குது. பத்து நாள் ஓய்வு குடுங்க சாமி."

பிரதானி வல்லபராயர் இதற்கென்றே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார்.

"கோட்டைக்கு எத்தனை படி?"

"நூத்தியெட்டுங்க."

"ஏறித்தானே வந்தாய்? ஏறி வந்தவனுக்கு ஏது வலி? போ, வேலையைப் பார்!"

"ஏற முடியாம எங்காளு ஒருத்தன் கீழயே கெடக்கானுங்க."

"நேரில் வராதவன் மனு செல்லாது!"

அடேயப்பா, என்ன நியாயம்! ராஜாவே குழம்பிப்போய், சபையின் விகடகவி நல்லபெருமாளைப் பார்த்தார்.

"நாளைக்குள் இவர்கள் வலியை அளந்து காட்டும். இல்லையென்றால் இவர்கள் வேலை போய்விடும்."

"அதற்கென்ன மகாராஜா! ஒரு குடம் மோரும் நம் பிரதானியாரும் போதும்."

மறுநாள் காலை பிரதானியைப் பல்லக்கில் உட்காரவைத்து, மடியில் தளும்பத் தளும்ப மோர்க்குடத்தை வைத்தார்கள். முதலில் வலியேதும் இல்லாத ஆட்கள், ராணியின் பல்லக்குத் தூக்கிகள், தூக்கிக்கொண்டு நாலு வீதியும் சுற்றினார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அடுத்து இருளாண்டி கூட்டம். "சிந்தாமல் வந்தால் ஆளுக்கொரு கறவைப் பசு!" என்றார் ராஜா. பசு என்றதும் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள். நடைப்பாட்டுப் பாடி அடியை ஒன்றாக வைக்கப் பார்த்தார்கள். பாட்டு முனகலானது. அடி தப்பியது. பல்லக்கு குலுங்கித் திரும்பியபோது பிரதானியின் மீசையில் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது.

நல்லபெருமாள் குடத்தை எட்டிப் பார்த்தார். "அரைக்குடம் வலி, மகாராஜா! மீதி அரைக்குடம் இன்னும் நாலு வீதி சுற்றினால் வந்துவிடும்."

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறினார் பிரதானி.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குணமாகும்வரை, கீழே கிடந்தவனையும் சேர்த்து ஐவருக்கும் ஓய்வும் தைலமும் தந்தார். பசுவும் உண்டு.

அடுத்த நாள் பிரதானி இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு, வளைந்த இடுப்போடு சபைக்குள் வந்தார்.

"மகாராஜா, பல்லக்குக் குலுங்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பத்து நாள் ஓய்வு..."

நல்லபெருமாள் எழுந்து மிகவும் பணிவாகக் கேட்டார். "கோட்டைக்கு எத்தனை படி, ஐயா?"

சபையே சிரித்தது. அன்றே அந்தச் சட்ட ஓலை சுக்குநூறானது. கிழித்தவர் பிரதானியேதான், உட்கார்ந்தபடியே!