கல்லில் ஏறிய முக்காடு

முல்லைக்கோட்டை ராஜா உத்தமராயர் நல்ல மனிதர்தான். ஒரே ஒரு குறை. யாராவது ஓர் ஏட்டை நீட்டி, சாத்திரம் சொல்கிறது என்றால் போதும், அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அரண்மனை விகடகவி கோணேரி இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவன்.

அந்த ஊர்க் கோயிலில் பொற்கொடியம்மை என்றொரு சந்நியாசினி இருந்தாள். இருபது வருஷமாகத் தினமும் பூத்தொடுத்து, சந்நிதியில் நின்று பாடுகிறவள். அவள் பாடினால் கூட்டம் அசையாது. அடுத்துப் பண்டிதர் விடங்கர் பிரசங்கத்துக்குத் தொண்டையைக் கனைத்தால், தூண்கள் மட்டும்தான் மிச்சம். பாவம், மனிதருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கோயில் ஏட்டறையில் கட்டவிழ்ந்து கிடந்த ஓர் ஒற்றை ஏடு அவர் கையில் சிக்கியது. முதல் வரியைப் பார்த்த சந்தோஷத்தில் நேராகச் சபைக்கு ஓடிவந்து படித்தார்.

"இறைவன் பணிக்கு உள்ளே வருவோர் தலையைத் துணியால் மூடாமல் வரலாகாது."

அம்மை வெறுந்தலையோடு நின்று பாடுகிறாளே என்றும் இழுத்தார். ராஜா அரண்டுபோனார். மறுநாள் முதல் முக்காடு போட்டால் அம்மை பாடலாம், இல்லாவிட்டால் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டுவிட்டார்.

அம்மையை அழைத்துச் சொன்னார்கள்.

"மகாராஜா, நம்ம ஊர்ல முக்காடு போடுறது இழவு வீட்டுக்கு. என் சாமி நல்லாத்தானே இருக்காரு? அவர் முன்னால அதை எப்படிப் போடுவேன்?" என்றாள். பாட்டை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

கோணேரிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஏட்டைப் பார்த்துவிட்ட ராஜாவிடம் வாதாடிப் பயனில்லை. பயபக்தியோடு போய் அந்த ஏட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது. சாத்திர ஏட்டில் நெய்க்கு என்ன வேலை?

"பண்டிதர் சொல்வதே சரி, மகாராஜா," என்றான். சபையே வாயைப் பிளந்தது. இப்படிப்பட்ட கட்டளையைக் கரையானுக்கு விடலாமா, கோயில் சுவரில் கல்வெட்டாக வெட்டிவிடலாம், பண்டிதரே தம் வாயால் படித்துச் சொல்லட்டும் என்றான். கல்லில் தம் பெயரும் ஏறும் என்ற நினைப்பில் விடங்கர் அப்போதே தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஊரே கோயிலில் கூடியது. அம்மை மட்டும் பூக்கூடையோடு கோபுர வாசலுக்கு வெளியே நின்றாள். பண்டிதர் அந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டு கணீரென்று முதல் வரியைப் படித்தார். கல்தச்சர் அதைச் செங்காவியால் சுவரில் எழுதிக்கொண்டு, அடுத்த வரி என்ன சாமி என்று கேட்டார்.

பண்டிதர் குனிந்தார். முகம் வெளுத்தது. இதுவே போதும் என்று முனகினார். ஏட்டில் உள்ளதைப் பாதியில் விட்டால் பாவம் என்று கோணேரி ராஜாவின் காதில் ஓதினான். அவ்வளவுதான், முழுவதையும் படியும் என்று ராஜா அதட்டினார்.

விடங்கர் ஏட்டை முகத்துக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். "ஒரு மயிர் பொங்கலில் விழுந்தாலும்... பானையோடு கொட்டுக."

"அப்புறம்?" என்றார் ராஜா.

"புளியோதரைக்கும் அஃதே."

மடைப்பள்ளிச் சமையல்காரர்களுக்கு எழுதிவைத்த ஏடு அது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் வெட்கம் வந்தது. தாமே வாசலுக்குப் போய், தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லி அம்மையை உள்ளே அழைத்துவந்தார். கோணேரிக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

விடங்கருக்கு மட்டும் விட மனமில்லை.

"ஆனாலும் மகாராஜா, சாத்திரம் பொய்யாகலாமா? யாராவது தலையை மூடித்தானே ஆக வேண்டும்?"

"நிச்சயமாக," என்று சொன்ன கோணேரி, அந்தச் சால்வையை எடுத்துப் பண்டிதர் தலையில் இறுக்கிக் கட்டி, ஒரு கரண்டியையும் கையில் கொடுத்தான். "உள்ளே போங்கள் சாமி, பொங்கல் அடிப்பிடிக்கிறது."