நாலு மணி நேர மௌனம்

ஓய்வுபெற்ற சார்பதிவாளர் தணிகாசலம், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய குருவான கனகவல்லியம்மாவின் முன்னால் போய் நின்றார். முகத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பெருமை.

"அம்மா, எனக்கு மௌனம் கைகூடிடுச்சு. வெளிச் சத்தமெல்லாம் விலகிப் போச்சு. பஸ் ஹாரன்கூட எங்கேயோ கேட்கிற மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை தீட்சை கொடுப்பீங்களா?"

"எவ்வளவு நேரம் உட்காருறீங்க?"

"என்னங்கம்மா?"

குரு குரலை உயர்த்தினார். "எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம். அசைய மாட்டேன்."

"அறுபத்தாறு வயசு முழங்கால் சும்மா விடுதா?"

"வலி மாத்திரை ஒண்ணு போட்டுக்குவேன். மருந்துக்கடையில கேட்டா கொடுக்கிறான்."

"தினமுமா?"

"ரெண்டு வருஷமா." அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

குரு குனிந்து அவருடைய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தணிகாசலம் பதறிப்போனார். சீடன் காலைக் குரு தொடுவதா?

குரு விரலை எடுத்தார். வீங்கிய காலில் குழி அப்படியே நின்றது.

"நாளைக்கே டாக்டரைப் பாருங்க. ரத்தம், சிறுநீர் ரெண்டும் சோதிக்கணும். காதையும்தான்."

"நான் தியானத்தைப் பத்திப் பேச வந்தேன்."

"பார்க்காம வந்தா தீட்சை கிடையாது. வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை."

கோபித்துக்கொண்டு போனார். ஆனால் டாக்டரிடம் போனார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது இரண்டு காதிலும் மெஷின் இருந்தது.

"சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுதாம், தினமும் போட்ட வலி மாத்திரை கெடுத்திருக்காம். அது கெட்டா காதும் சேர்ந்து மங்கலாமாம். சிறுநீரகம் மாதிரியே உப்பையும் நீரையும் சரியா வெச்சுக்கிற வேலை உள்காதுலயும் நடக்குதாம். வயசும் ஒரு காரணமாம். போன காது திரும்பாது, மிச்சத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாத்தப் பாருங்கன்னார் டாக்டர்."

"பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன். உப்பைக் குறைச்சாச்சு. மாத்திரையைக் குப்பையில போட்டாச்சு. இனி தொட மாட்டேன்." சொல்லிவிட்டு உடைந்துபோனார். "ஆனா அம்மா, ஒரே இரைச்சல். மிக்ஸி, நாய், பக்கத்து வீட்டுச் சண்டை. கீழே உட்கார்ந்தா கால் உயிர் போகுது. அந்த மௌனம் போயே போச்சு. தியானத்துக்கு மட்டும் மெஷினைக் கழற்றி வைக்கட்டுமா?"

குரு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதுல உட்காருங்க. மெஷின் காதிலேயே இருக்கட்டும். இன்னிக்குத்தான் முதல் நாள்."