புழு வந்த வழி

"சார், மருந்து கொடுத்த ஆட்டுப் புழுவில் மட்டும் இந்த ஜீன் ஏன் நாலு மடங்கு கூடுது?"

நஸ்ரின் வரைபடத்தை நீட்டினாள்.

திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி அவள். ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் புழுக்களோடு ஆறு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குடற்பூச்சி மருந்து கொடுத்த ஆடுகளின் புழுக்கள் ஒரு பக்கம், கொடுக்காத ஆடுகளின் புழுக்கள் இன்னொரு பக்கம். ஒரு ஜீன் எதில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பன்னிரண்டு முறை அளந்துவிட்டாள். விடை மாறவில்லை.

அதைப் பெங்களூர் கருத்தரங்கில் சொல்ல அழைப்பு வந்திருந்தது. அந்தக் கல்லூரியின் இளங்கலை வகுப்பிலிருந்து அதுவரை யாரும் அங்கே போனதில்லை. இன்னும் மூன்று வாரம்தான்.

ஆய்வை வழிநடத்தும் கோமதிநாயகம் சார் வரைபடத்தை வாங்கவில்லை. அவளுடைய லேப் நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். நிதானமாகப் படித்தார்.

"இந்தப் புழுவெல்லாம் இங்கே எப்படி வந்துச்சு?"

மருந்து கொடுக்காத ஆடுகள் மேலப்பாளையத்தில் அறுபடுகின்றன, அங்கிருந்து இருபது நிமிடம் என்றாள். மருந்து கொடுத்த மந்தை அம்பாசமுத்திரம் பக்கம். உப்புநீர் ஊற்றிய பிளாஸ்கில் புழுக்களைப் போட்டு, ஒன்றரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அலுங்காமல் கொண்டுவருவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சார் நோட்டை மூடினார்.

"நாளைக்கு மேலப்பாளையத்துப் புழுவை எடுத்துக்கோ. பஸ் ஏறிச் சேரன்மாதேவி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா."

"அங்கே என்ன செய்யணும் சார்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது ஊர் சுற்றச் சொல்கிறாரே என்று நினைத்தாள். ஆனாலும் போனாள். போக வர ஒன்றரை மணி நேரம். பக்கத்து சீட்டுக்காரம்மா பிளாஸ்கைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கா என்று விசாரித்தாள். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் அளந்து பார்த்தாள்.

மருந்தின் வாடையே அறியாத புழுக்கள். நாலு மடங்கு.

மெஷின்தான் தப்பு என்று இன்னொரு தடவை ஓட்டினாள். நாலு மடங்கு.

சாரிடம் அவள் போகவில்லை. அடுத்த வாரம் தானாகவே அம்பாசமுத்திரம் போனாள். இந்தத் தடவை பிளாஸ்க் இல்லை. புழுவை அந்த நிமிடத்தில் இருந்தபடியே நிறுத்திவிடும் திரவத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் கொண்டுபோயிருந்தாள். கறிக்கடைக்காரர் ஆட்டின் வயிற்றைக் கீறித் திறந்ததும், அங்கேயே குனிந்து, புழுக்களைப் பொறுக்கி அதில் போட்டாள். மேலப்பாளையத்திலும் அப்படியே செய்தாள்.

இரண்டையும் அளந்தாள். மருந்து கொடுத்த ஆட்டுப் புழுவும் கொடுக்காத ஆட்டுப் புழுவும் வரைபடத்தில் ஒரே உயரத்தில் நின்றன.

நஸ்ரின் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக அம்பாசமுத்திரத்துப் புழுக்கள் அவள் மடியிலேயே செத்துக்கொண்டு வந்திருக்கின்றன.

எழுந்து, புது வரைபடத்தை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனாள்.

"வரலைன்னு பெங்களூருக்கு எழுதிடுறேன் சார்."

அவர் இந்தத் தடவை வரைபடத்தைக் கையில் வாங்கினார்.

"ஏன்?"

"மருந்துக்கும் இந்த ஜீனுக்கும் சம்பந்தமே இல்ல சார். ஆறு மாசமா நான் பஸ்ஸைத்தான் அளந்திருக்கேன்."

சார் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதையே போய்ச் சொல்லு. அங்கே வர்ற மத்தவங்க புழுவெல்லாம் பஸ் ஏறாமலா லேபுக்கு வந்துச்சு?"