கீழநொச்சியின் தனிப்பக்கம்

இணையக் கலைக்களஞ்சியத்தில் அக்கம்பக்கத்து ஊர்களான மேலநொச்சிக்கும் கீழநொச்சிக்கும் தனித்தனிக் கட்டுரைகள் இருந்தன. நிர்வாகியான பேராசிரியர் ஞானவரதன், எழுதுபவர்கள் கூடிய கூட்டத்தில், "ஒரே ஏரி, ஒரே தேர், ஒரே பள்ளிக்கூடம். கீழநொச்சியை மேலநொச்சியோடு இணைத்துவிடுகிறேன்" என்று சொல்லி, கீழநொச்சிப் பக்கத்தின் மேலே இணைப்பு அறிவிப்பையும் போட்டார்.

கீழநொச்சியைப் பற்றி எழுதியவள் தையற்கடை பூவாயி. "எங்க ஊருக்குன்னு ஒரு பக்கமே இல்லாமப் போயிடுமேங்க, ஐயா."

"மேலநொச்சிப் பக்கத்தில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி வரும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"அப்படின்னா சரிங்க. உங்களைப் பத்தின கட்டுரையும் உங்க அண்ணனைப் பத்தினதும் அப்படித்தான் இருக்கு. ஒரே வீடு, ஒரே படிப்பு, ஒரே கல்லூரி. அண்ணன் பக்கத்துல உங்களுக்கு ஒரு வரி போட்டுடலாங்களா?"

பேராசிரியருக்கு முகம் சிவந்தது. "ஒரே வீட்டில் பிறந்தால் ஒரே ஆளா?"

"இல்லீங்க, ஐயா. ஒரே ஏரித்தண்ணி குடிச்சா ஒரே ஊரும் இல்லீங்க."

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள், இணைப்பு அறிவிப்பை அவரே நீக்கியிருந்தார்.