கற்கண்டு கறுத்த கதை

அந்தக் காலத்தில் பொருள்களுக்கெல்லாம் வாய் இருந்தது. மனிதர் நாக்குக்குத்தான் ருசி பிரிக்கத் தெரியாது. தீ அன்று பெருந்தீனிக்காரன். பிடித்ததைப் பொட்டு மிச்சமில்லாமல் தின்றுவிடும், பிடிக்காததை அப்படியே துப்பிவிடும். கரி என்று ஒன்றை யாரும் கண்டதே இல்லை.

சடைச்சியின் கைக்குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. கற்கண்டுத் தண்ணீர் கொடுத்தால்தான் பிழைக்கும் என்று மருத்துவச்சி குருவம்மா அவசரமாகக் கை நீட்டியதில் உறி அறுந்தது. கற்கண்டுப் பானையும் படிகாரப் பானையும் உடைந்து, கட்டிகள் கலந்துபோயின. இரண்டும் ஒரே வெள்ளை. படிகாரம் உள்ளே போனால் பிள்ளை தாங்காது.

எது கற்கண்டு என்று கேட்டால் எல்லாக் கட்டியும் நான்தான் என்றன. கலங்கல் தண்ணீரிலேயே காலம் தள்ளிய படிகாரத்துக்கு ஒரு தடவையாவது குழந்தை வாயில் கரைய ஆசை. கதை சொல்கிற எனக்கும் அதைத் திட்ட மனம் வரவில்லை.

குருவம்மா ஓட்டுத் துண்டை அடுப்பில் வைத்து, தங்களுக்குள் இருப்பதைத் தீயிடம் காட்டும்படி கட்டிகளிடம் சொன்னாள். ஒரு படிகாரம் தைரியமாக ஏறியது. பொரிந்து உப்பியதே தவிர, வெள்ளை போகவில்லை. கற்கண்டுகள் நடுங்கின. அவற்றில் ஒன்று தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டது. ஒரு பாதியைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு மறு பாதி ஓட்டில் ஏறியது.

"நான் கரும்புக்குப் பொறந்தவன். என்னைத் தின்னுக்கோ. நான் யாருன்னு அந்தத் தாய்க்குத் தெரியற மாதிரி கொஞ்சம் மிச்சம் வை."

தீ அன்றுதான் முதல்முறையாகப் பாதியில் வாயை மூடியது. கட்டி உருகிப் பொன்னிறமானது, வீடே மணத்தது, பிறகு கன்னங்கரேல் என்று நின்றது.

பிள்ளைக்கு வைத்த பாதியைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் குழந்தை வீறிட்டு அழுதது. சடைச்சியும் அழுதாள்.

குருவம்மாவால் அந்தக் கறுப்பை விட்டு நகர முடியவில்லை. ஓட்டில் ஓர் அரிசியைப் போட்டாள், கறுத்தது. பாலாடையும் வேப்பிலையும் அதே கறுப்பாயின. உப்பும் மணலும் நிறம் மாறாமல் கிடந்தன. சடைச்சி தன் தலைமுடி ஒன்றைச் சுருட்டிப் போட்டாள். அதுவும் பொசுங்கி அதே கரியானது.

"அக்கா, நமக்குள்ளயும் இதுதானா?" என்றாள் சடைச்சி.

குருவம்மா ஆறிய கரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று முதல்தான், உயிரிலிருந்து வந்த எதைத் தொட்டாலும் தீ கொஞ்சம் கரியை மிச்சம் வைக்கிறது. படித்தவர்கள் கரிமப் பொருள் என்று பெயர் சொல்வதை, அந்தக் கரி கரும்பும் அரிசியும் நாமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்கிறது.