ஓட்டியது யார்?

ஜீப்பை ஓட்டி வந்தவர் ஏகாந்தசாமி. பக்கத்தில் சீடர் உமாபதி உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலைச்சாலையில் ஒரு வளைவின் ஓரமாகக் காத்தாயி என்ற பெண் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். சாலையில் வேறு வண்டி கிடையாது. ஜீப் வளைவோடு திரும்பாமல் ஓரத்துக்குப் போனது. பழங்கள் சரிவில் உருண்டன. காத்தாயியின் வலது கால் முறிந்தது.

கீழே காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஏறி வருவதற்குள், உமாபதி சுற்றி ஓடிக் கதவைத் திறந்து சாமியைக் கைபிடித்து இறக்கினார்.

"யாருய்யா ஓட்டினது?" என்று கேட்டார்கள் ஏறி வந்தவர்கள்.

"நான்தான்" என்றார் உமாபதி.

சாமி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

காத்தாயியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு எஸ்.ஐ. அமலோற்பவம் வந்தார். சாமியைப் பார்த்தார். எழுபது தாண்டிய, குள்ளமான மனிதர். உமாபதியைப் பார்த்தார். ஆறடி உயரம்.

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்குங்க."

"வண்டியில ஏறி உட்காருங்க."

உமாபதி ஏறினார். முழங்கால்கள் ஸ்டீரிங்கில் இடித்தன.

"கிளட்சை மிதிங்க."

காலைப் பக்கவாட்டில் மடக்கித்தான் மிதிக்க முடிந்தது.

"இப்படியேவா மலையில ஓட்டிட்டு வந்தீங்க?"

"பழகிடுச்சுங்க."

எஸ்.ஐ. சாமியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க சாமி?"

சாமி ஒன்றும் சொல்லவில்லை.

"சாமி அதிகம் பேச மாட்டார்" என்றார் உமாபதி.

எஸ்.ஐ. வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். "நீங்க சொன்னதை எழுதியிருக்கேன். நம்பினேன்னு எழுதலை" என்றார்.

மறுவாரம் உமாபதி ஆஸ்பத்திரிக்குப் போனார். காத்தாயி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீங்களா ஓட்டினீங்க?"

"ஆமாம்மா. மன்னிச்சுக்கணும்."

"வண்டி என்மேல வர்றப்போ ஸ்டீரிங்கு தெரிஞ்சுது. ஆள் தலை சரியாத் தெரியலை. நீங்க இவ்வளவு நெட்டையா இருக்கீங்களே?"

உமாபதி கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை நீட்டினார்.

"அங்க வெச்சுட்டுப் போங்க" என்றாள். கையில் வாங்கவில்லை.

போலீஸ் ஜீப்பைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த நாள் காலையில் சாமி வழக்கம்போல அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்.

மடத்தில் இருபது வருஷமாக உமாபதி ஒரு தடவைகூடச் சாமியைச் சந்தேகப்பட்டது கிடையாது. இப்போது பூஜையில் உட்கார்ந்தாலும் ஒரே யோசனை. அன்றைக்குச் சாமி பேசாமல் இருந்தாரே, அது ஞானியின் மௌனமா, பயந்தவனின் மௌனமா? கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை அவர் அறை வரைக்கும் போனார். ஞானியின் மௌனம் என்று பதில் வந்தால் தன்னால் நம்ப முடியாது என்று தோன்றியது. இன்னொரு பதில் வந்தால் தாங்க முடியாது. இரண்டு முறையும் திரும்பிவிட்டார்.

ஒருநாள் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"சாமி, கண் டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?"

"எதுக்கு? சாலை தெரியுது."

"சாலையில இருக்கிறவங்க?"

சாமி அவரை உற்றுப் பார்த்தார். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

வழக்கு நாள் வந்தது. "நான் ஓட்டுறேன் சாமி" என்று உமாபதி சொல்லிப் பார்த்தார். சாமி அதற்குள் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டார். ஊருக்குள் நுழையும்போது ஒரு சைக்கிள்காரர் குதித்து ஓரம் போனார். சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டாரா, பார்வையில் படவே இல்லையா என்று உமாபதிக்கு விளங்கவில்லை.

கோர்ட்டில் அவர்களுக்கு முன்னால் வேறொரு வழக்கு. டீக்கடைக்குள் மோட்டார் பைக்கை விட்ட வழக்கு. டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குத் தோள்பட்டை உடைந்திருந்தது. கூண்டில் நின்றவர் வேட்டி கட்டிய, தொப்பை விழுந்த மனிதர்.

நடுவர் அம்மா கேட்டார்: "இந்த மாதிரி ரேஸ் பைக்கை நீங்களா ஓட்டினீங்க?"

"ஆமாங்கம்மா."

"உங்க வீட்டுல வேற யாரும் ஓட்ட மாட்டாங்களா?"

"பையன் காலேஜ்ல படிக்கிறான். அவன் வண்டியைத் தொடவே மாட்டான்."

நடுவர் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் தரையைப் பார்த்தார். ஓட்டியவர் யார் என்று பார்த்துச் சொல்லக் கடையில் இருந்த ஒருவரும் முன்வரவில்லை. நடுவர் அபராதம் விதித்தார். பேனாவைக் கீழே போட்டதில் ஒரு வெறுப்பு இருந்தது.

அந்த மனிதர் வராந்தாவுக்கு வந்தார். தலைமுடியைச் சிலுப்பிவிட்டுக்கொண்டு ஓர் இளைஞன் அவரிடம் ஓடினான்.

"முடிஞ்சுதாப்பா? சாயங்காலம் வண்டியைக் குடுத்துடுவாங்கல்ல?"

சாமி கோர்ட்டுக்குள் வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உமாபதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கூண்டில் ஏறினார்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார் நடுவர்.

"ஒத்துக்க..."

"அவன் ஓட்டலை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் ஓட்டினேன்."

எல்லோரும் திரும்பினார்கள். சாமி எழுந்து நின்றிருந்தார். எஸ்.ஐ. அமலோற்பவம் மட்டும் திரும்பவில்லை. மூச்சை மெல்ல வெளியே விட்டார்.

நடுவரின் முகம் இறுகியது. "சீடரைக் காப்பாத்த வந்தீங்களா?"

"இல்லம்மா."

"கொஞ்சம் முன்னாடிதான் ஒருத்தர் இன்னொருத்தருக்காக வந்து நின்னுட்டுப் போனார். எனக்கு அப்படித்தான் தெரியுது. இப்போ நீங்க. உங்களை மட்டும் நான் எப்படி நம்பறது?"



"அம்மா, சாமிக்கு உடம்பு சரியில்லை" என்று உமாபதி கூண்டிலிருந்து கத்தினார். "நான்தான் ஓட்டினேன்."

"நீங்க பேசாம இருங்க."

நடுவர் சாமியை முன்னால் வரச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த பெரிய பலகையைக் காட்டினார். "அதுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

சாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஓரடி முன்னால் வந்தார். இன்னும் ஓரடி வந்தார்.

"எழுத்து இருக்குதுன்னு தெரியுது" என்றார்.

"இன்னிக்கு இங்க எப்படி வந்தீங்க?"

"ஜீப்ல."

"ஓட்டினது?"

"நான்தான்."

உமாபதி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கை மறுபடி விசாரிக்கும்படி நடுவர் உத்தரவிட்டார். சாமியின் லைசென்ஸை அங்கேயே வாங்கி வைக்கச் சொன்னார். பொய் சொன்னதற்கு உமாபதியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். ஜீப்பை எஸ்.ஐ. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். உமாபதியைக் கடந்து போகையில் ஒரு கணம் நின்றார்.

குருவும் சீடரும் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டம் இல்லை. சாமி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பஸ் ஏற்றத்தில் திணறிப் போய்க்கொண்டிருந்தபோது உமாபதி கேட்டார்: "இத்தனை நாள் ஏன் சாமி சொல்லலை?"

"பயம்."

உமாபதி தலைகுனிந்தார். அந்தப் பதிலைக் கேட்டால் தாங்க முடியாது என்று நினைத்திருந்தார். அது மனதில் லேசாகத்தான் இறங்கியது. கூடவே இன்னொரு சந்தேகம் கிளம்பியது.

"இன்னிக்கு ஏன் சொன்னீங்க? என் சொல்லை யாரும் நம்ப மாட்டாங்கன்னு நினைச்சீங்களா?"

"நம்பிடுவாங்கன்னு நினைச்சேன்."

"அப்போ விட்டிருக்கலாமே சாமி. உங்களுக்காக நான் சந்தோஷமா ஜெயிலுக்குப் போயிருப்பேன்."

"போயிருப்பே" என்றார் சாமி. "நாளைக்குக் காலையில நான் வண்டியை எடுத்திருப்பேன்."