தெளித்த தண்ணீர்

ஒரு ஊரில் ஒரு கால்வாய். அதன் அடியில் சேறு. சேற்றின் பிடியில் ஆலைகள் கொட்டிய நஞ்சு. மேலே தண்ணீர் மூடிக்கொண்டிருந்தது. யாரும் கிளறவில்லை, ஊர் பிழைத்திருந்தது.

அரசாங்கத்துக்குப் பொறுக்குமா? தூர்வாரும் இயந்திரம் வந்து இறங்கியது.

“என்னை எங்கே கொண்டுபோகிறாய்?” என்றது சேறு.

“கரைக்கு.”

“கரையில் ஆட்கள் இருக்கிறார்களே.”

“எனக்குக் கொடுத்த வேலை கால்வாய்.”

நல்ல பதில். மனிதனாக இருந்தால் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

அஞ்சலையின் இட்லிக் கடைக்குப் பின்னால் சேறு மலையாகக் குவிந்தது. ஈரம் சொட்டியது. நஞ்சு மெல்லத் தலை நீட்டி, காற்றிடம் இடம் கேட்டது.

“ஏறிக்கொள். நான் என்ன டிக்கெட்டா கேட்கிறேன்?” என்றது காற்று.

அஞ்சலைக்கு இளைப்பு வந்தது. கடை பாதி நாள் மூடிக் கிடந்தது.

வெயில் ஒன்றுதான் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தது. சேறு காய்ந்து இறுகியது. “இனி அசையாதே” என்று நஞ்சை இறுக்கிப் பிடித்தது. நாற்றம் குறைந்தது. அஞ்சலை மறுபடி அடுப்பு மூட்டினாள்.

அப்போது பார்த்து, தூர்வாரிய கால்வாயைத் திறந்துவைக்க மந்திரி வருவதாகச் சேதி. சேற்று மலைக்குப் பக்கத்திலேயே மேடை. பொறியாளர் தயாளன் தண்ணீர் லாரியோடு வந்தார்.

“சார், தண்ணி ஊத்தாதீங்க. ஈரமா இருந்தப்பதான் எனக்கு மூச்சு அடைச்சுது” என்றாள் அஞ்சலை.

“தூசி பறந்தா மந்திரிக்கு ஆகாதும்மா.”

“அப்ப எனக்கு?”

“உன்னை யாரு மேடைக்குக் கூப்பிட்டா?”

குழாய் திறந்தது. சேறு பதறியது. “தண்ணீரே, இத்தனை காலம் மூடிக் காத்தவன் நீ. நீயே திறந்துவிடலாமா?”

“அங்கே ஆழமாக நின்றேன். இங்கே தெளிக்கிறார்கள். இந்த ஈரத்தால் எதை மூட முடியும்?” என்றது தண்ணீர்.

சேற்றின் பிடி நெகிழ்ந்தது. நஞ்சு காற்றில் ஏறியது.

தூசி பறக்கவில்லை. ஏற்பாடு பிரமாதம்.

மந்திரி கால்வாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் தூக்கிக் காட்டினார். பளிங்கு மாதிரி இருந்தது. கைதட்டல். கடையோரம் அஞ்சலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருமல் நிற்கவில்லை.

காவலர் ஓடிவந்தார். “ஐயா பேசுறாருல்ல? மூடும்மா.”

“எதை? வாயையா, மூக்கையா?”

மேடையில் மந்திரி முழங்கினார். “இந்த ஊர் மக்கள் இனி நிம்மதியாக மூச்சு விடலாம்.”

அடுத்த வாக்கியத்துக்காக ஆழமாக மூச்சை இழுத்தார்.

நஞ்சுக்கு ஏழை பணக்காரன் தெரியாது. பணிவாக உள்ளே போயிற்று.